தோற்றதைச் சொல்லாத வேலையாள்

கடைக்குப் போய் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கி வரும்படி ஒரு பையனை அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை பூட்டிக் கிடக்கிறது. அவன் திரும்பி வந்து, "கடை பூட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. வேறு கடைக்கு அனுப்பலாம். அல்லது அன்றைய சமையலையே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அவன் வாய் திறக்காமல், மூடிய தூக்கை அடுப்படியில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டால்? தூக்கு வந்துவிட்டது, எண்ணெயும் வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் அடுப்பு மூட்டப்படும். கடுகு எடுத்து வைக்கப்படும். எண்ணெய் இல்லை என்பது தெரியும்போது வாணலி புகைந்துகொண்டிருக்கும்.

கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களில் இப்படிப்பட்ட வேலையாட்கள் ஏராளம். அவர்களுக்குச் செயற்கூறுகள் என்று பெயர். "இந்தக் கோப்பைத் திற", "அந்த அடைவுக்குப் போ", "இதை வட்டில் எழுது" என்று நிரல் அவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறது. அழைக்கப்பட்டவர் வேலையை முடிக்கலாம். முடிக்க இயலாமலும் போகலாம். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம், வட்டு நிரம்பியிருக்கலாம், யாரோ பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். தோல்வி என்பது கணிப்பொறி உலகில் அன்றாட நிகழ்ச்சி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தோற்றவர் அதை எப்படிச் சொல்லவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண்பதில் நிரல் மொழிகளை ஆக்கியோர் அரை நூற்றாண்டாக மாறுபட்டு நிற்கிறார்கள். என் கட்சி எது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: தோல்வி தானாகவே உரக்க ஒலிக்க வேண்டும், அதை அடக்க விரும்புகிறவர்தான் மெனக்கெட்டு எழுதவேண்டும்.

முதலில் பழைய வழக்கத்தைப் பார்ப்போம். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியிலும், அதோடு சேர்ந்து வளர்ந்த யூனிக்ஸ் இயக்க முறைமையிலும், தோற்ற செயற்கூறு ஒரு குறிப்புச் சீட்டைத் திருப்பித் தரும். பெரும்பாலும் அந்தச் சீட்டில் இருப்பது -1 என்ற எண். என்ன காரணத்தால் தோல்வி என்பது வேறோர் இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். சீட்டைப் படிப்பது உங்கள் பொறுப்பு. படிக்காமல் கசக்கிப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். நிரல் அடுத்த வரிக்கு நடந்துகொண்டே இருக்கும்.

1987-இல் லாரி வால் என்பவர் பெர்ல் என்ற மொழியை வெளியிட்டார். அது ஸ்கிரிப்ட் மொழி என்னும் வகையைச் சேர்ந்தது. கோப்புகளை அலசுவது, அறிக்கை தயாரிப்பது, பல நிரல்களை ஒன்றோடொன்று கோத்து வேலை வாங்குவது போன்ற காரியங்களைச் சில வரிகளில் முடித்துக்கொள்ள உதவும் மொழிகளை இப்படி அழைப்பர். யூனிக்ஸ் வீட்டில் பிறந்த பெர்ல், அந்த வீட்டுச் சீட்டு வழக்கத்தையும் எடுத்துக்கொண்டது. கோப்பைத் திறக்க முடியாவிட்டால் அதன் 'ஓப்பன்' செயற்கூறு 'பொய்' என்ற மதிப்பைத் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிறகு அந்தக் கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் கூட்டு என்றால், படிக்க வரியே கிடைக்காது. கூட்டல் ஒருமுறைகூட நடக்காது. "மொத்தம் 0" என்று விடை வரும். எச்சரிக்கைகளைக் காட்டு என்று கேட்டு வைத்திருந்தாலொழிய, ஒரு முனகல்கூடக் கேட்காது.

இயற்பியல் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இது: பூச்சியம் என்பது ஓர் அளவீடு, 'அளக்கவில்லை' என்பது அளவீடு அன்று. இரண்டையும் ஒரே எண்ணால் குறித்தால் அங்கே அறிவியல் முடிந்துவிட்டது. ஓர் உதாரணம் காண்போம். ஓர் அறையின் வெப்பநிலையை ஐந்து முறை எடுக்கிறோம். நான்கு அளவுகள் 30, 31, 30, 31 டிகிரி செல்சியஸ். ஐந்தாம் முறை வெப்பமானியைப் படிக்கும் செயற்கூறு தோற்றுப்போய், 0 என்று திருப்பித் தருகிறது. சராசரி என்ன? 122-ஐ ஐந்தால் வகுத்தால் 24.4. நான்கு உண்மையான அளவுகளின் சராசரியோ 30.5. இப்போது இன்னொரு விதமாகப் பாருங்கள். டி.எஸ்.18பி20 என்ற எண்முறை வெப்பமானி கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நன்கு அறிமுகமானது, விலையும் மலிவு. மின்சாரம் கிடைத்தவுடன், இன்னும் ஒன்றையும் அளக்காத நிலையில், அதன் நினைவகத்தில் இருக்கும் எண் 85 டிகிரி. மின் இணைப்பு தளர்ந்து அது மறுபடி தொடங்கினாலும், அளந்து முடிக்குமுன் அவசரப்பட்டுப் படித்தாலும், இந்த 85 வந்து நிற்கும். ஐந்தாவது அளவு 85 என்றால் சராசரி 41.4.

அறைக்குள் 85 டிகிரி என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். ஆனால் நிரல் உங்களுக்குக் காட்டுவது சராசரியை மட்டுமே. 24.4 என்பது மார்கழி மாதத்து வெப்பநிலை, 41.4 என்பது வேலூரின் மே மாதத்து வெப்பநிலை. இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன. இதுதான் இந்த நோயின் மோசமான குணம். தவறு நடந்த இடத்தில் அது அபத்தமாகத் தெரியும். நாலு வரி தள்ளிப் போவதற்குள் நாகரிகமாக உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்.

பெர்ல் எழுதுவோர் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னாலும் 'ஆர் டை' என்று சேர்த்து எழுதுவார்கள். 'இல்லையேல் செத்துப் போ' என்பது இதன் பொருள். கோப்பைத் திற, இல்லையேல் செத்துப் போ. அடைவுக்குப் போ, இல்லையேல் செத்துப் போ. சொல் கொடூரமாக இருந்தாலும் நோக்கம் நல்லது. ஆனால் நூறு அழைப்புகள் உள்ள நிரலில் நூறு முறை இதை எழுதவேண்டும். தொண்ணூற்றேழு இடத்தில் எழுதிவிட்டு மூன்று இடத்தில் விட்டுப்போவது மனித இயல்பு. விபத்து நடப்பது அந்த மூன்றில்தான்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வேறொரு நிரலை ஓட்டிப் பார்க்க 'சிஸ்டம்' என்றொரு செயற்கூறு இருக்கிறது. யூனிக்ஸ் வழக்கப்படி, ஒரு நிரல் நல்லபடியாக முடிந்தால் தன் எசமானிடம் 0 என்று சொல்லும். தோற்றால் 1 முதல் 255 வரை ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்லும். இது அறிவுள்ள ஏற்பாடே. வெற்றி ஒரே மாதிரிதான் இருக்கும். தோல்விக்குப் பல காரணங்கள் உண்டல்லவா? ஆனால் பெர்லில் 0 என்றால் 'பொய்'. ஆகவே பழக்கதோஷத்தில் 'சிஸ்டம்' அழைப்புக்குப் பின்னும் 'இல்லையேல் செத்துப் போ' என்று எழுதினால், வேலை வெற்றியாக முடிந்த வேளையில் நிரல் செத்துப்போகும். தோற்ற வேளையில் சுகமாகத் தொடரும்!

பால் ஃபென்விக் என்ற ஆஸ்திரேலிய நிரலாளர் 'ஆட்டோடை' என்ற கூறு ஒன்றை எழுதினார். 2009-இல் வெளியான பெர்ல் 5.10.1 முதல் அது மொழியுடனேயே சேர்ந்து வருகிறது. நிரலின் தலையில் ஒரே வரி எழுதினால் போதும். அந்த எல்லைக்குள் ஓப்பன், குளோஸ், அடைவு மாற்றுதல், கோப்பு அழித்தல் போன்ற அழைப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பாளர் அமர்த்தப்படுகிறார். செயற்கூறு தரும் சீட்டை அவர் வாங்கிப் படிப்பார். வெற்றி என்றால் பேசாமல் உங்களிடம் தருவார். தோல்வி என்றால் 'விதிவிலக்கு' ஒன்றை எழுப்புவார். இன்ன கோப்பை, இன்ன காரியத்துக்காக, இன்ன வரியில் திறக்க முயன்றபோது, இன்ன காரணத்தால் முடியவில்லை என்று அச்சிட்டுவிட்டு நிரல் நின்றுவிடும். நிற்கவேண்டாம், நான் சமாளித்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் வழி உண்டு. விதிவிலக்கைப் பிடித்து ஆவன செய்யலாம். கூடுதலாக ஒரு துணைக்கூறை நிறுவிக்கொண்டால், மேலே சொன்ன தலைகீழ் 'சிஸ்டம்' குழப்பத்தையும் இதுவே சரிசெய்துவிடும்.

இந்தக் கண்காணிப்பாளருக்கும் எல்லை உண்டு. 'பிரின்ட்' என்னும் எழுதும் கட்டளை அவர் பார்வைக்கு வருவதில்லை. ஆனால் எழுதியதெல்லாம் உடனே வட்டுக்குப் போவதில்லை. இடையில் ஒரு தொட்டியில் தேங்கி நிற்கும். கோப்பை மூடும்போது மிச்சம் இருப்பது கொட்டப்படும். வட்டு நிரம்பியிருந்தால் அப்போது 'குளோஸ்' தோற்கும். அதைக் கண்காணிப்பாளர் பிடித்துவிடுவார். ஆகவே கோப்பை நீங்களே மறக்காமல் மூடவேண்டும். தானாக மூடிக்கொள்ளட்டும் என்று விட்டால் அந்தத் தோல்வி கண்காணிப்பாளர் காதில் விழாது.

இதெல்லாம் நிரலாளர்களின் நுணுக்கச் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கிறீர்களா? 2015 ஜனவரியில் வெளிவந்த ஒரு செய்தியைக் கேளுங்கள். வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 'ஸ்டீம்' என்ற விளையாட்டு மென்பொருளை நடத்துகிறது. அதன் லினக்ஸ் பதிப்பில் ஷெல் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. ஷெல் என்பது யூனிக்ஸுக்கு நாம் நேரடியாகக் கட்டளை இடும் மொழி. அந்த ஸ்கிரிப்டின் ஒரு வரி, தான் குடியிருக்கும் அடைவுக்குப் போய், அந்த இடத்தின் பெயரைக் கேட்டு ஒரு பெட்டியில் குறித்து வைத்துக்கொள்ளும். வேறொரு வரி, "அந்தப் பெயர், அதற்குப் பின் ஒரு சாய்கோடு, அதற்குக் கீழே உள்ளவை அனைத்தையும் அழி" என்று சொல்லும். முதல் வரி தோற்றால் பெயர்ப்பெட்டி வெறுமையாக இருக்கும். வெறுமைக்குப் பின் சாய்கோடு வந்தால் மிஞ்சுவது சாய்கோடு மட்டுமே. லினக்ஸில் வெறும் சாய்கோட்டுக்கு என்ன பொருள் தெரியுமா? கணிப்பொறியின் ஆணிவேர்! அதற்குக் கீழே உள்ளவை அனைத்தும் என்றால், எல்லாமும்.

இயக்க முறைமைக்குச் சொந்தமான கோப்புகளைத் தொடச் சாதாரணப் பயனருக்கு அனுமதி இல்லாததால் அவை தப்பின. பயனரின் சொந்தக் கோப்புகள் தப்பவில்லை. புகார் சொன்ன ஒருவருக்கு, காப்புப் பிரதிகளை வைத்திருந்த வெளி வட்டும் அப்போது இணைந்திருந்ததால், அதில் இருந்தவையும் போயின. அழிக்கும் அந்த வரிக்கு மேலே, இது பயங்கரமானது என்ற பொருளில் ஒற்றைச் சொல் குறிப்பு ஒன்று எழுதப்பட்டிருந்தது என்பதுதான் வியப்பு. பயம் இருந்திருக்கிறது, ஆனால் முதல் வரி தோற்றால் அங்கேயே நில் என்ற ஏற்பாடு இல்லை.

ஷெல் மொழியில் 'செட் -இ' என்று ஒரு கட்டளை உண்டு. ஏதேனும் ஒரு கட்டளை தோற்றால் உடனே நின்றுவிடு என்பது அதன் பொருள். ஆனால் அது ஓட்டை விழுந்த குடை. நிபந்தனைக்குள் வரும் கட்டளை தோற்றால் அது கண்டுகொள்ளாது. பல கட்டளைகளைக் குழாய் போல் இணைத்தால் கடைசிக் குழாயை மட்டும் பார்க்கும்; நடுவில் உடைந்த குழாயைப் பார்க்க இன்னொரு கட்டளை தரவேண்டும். இருந்தாலும் மழையில் ஓட்டைக் குடையை வைத்துக்கொண்டு போவதா, குடையே இல்லாமல் போவதா என்றால் நான் குடையைத்தான் எடுத்துக்கொள்வேன்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்கவேண்டும். அவர்களுடைய வலுவான சாட்சி ஏரியன்-5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து அது தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. சுமார் 37 விநாடிகளில் அதன் திசைகாட்டும் கணிப்பொறி, கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் தசம வடிவிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. வந்த எண்ணோ அதைவிடப் பெரியது. மாற்றம் தோற்றது, விதிவிலக்கு எழுந்தது. விதிவிலக்கு எழுந்தால் அந்தக் கணிப்பொறியை நிறுத்திவிடு என்பது வடிவமைத்தோர் இட்ட விதி. நின்றது. துணைக்கு வைத்திருந்த இரண்டாவது கணிப்பொறி? அதிலும் அதே நிரல்தான்; அது 72 மில்லி விநாடிகளுக்கு முன்பே நின்றுவிட்டிருந்தது. ராக்கெட் திசை திரும்பிச் சிதறியது. கொடுமை என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று. ஏரியன்-4 காலத்து நிரலில் இருந்ததை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள்.

"பார்த்தீர்களா, பிழை வந்தால் நில் என்ற உங்கள் விதிதான் ராக்கெட்டைக் கொன்றது" என்கிறார்கள். பாதி உண்மை. பறக்கும் ராக்கெட்டுக்கு 'நிற்பது' என்று ஒரு நிலை கிடையாது. மேசைமேல் ஓடும் நிரலை நிறுத்தினால் ஒருவர் வந்து பார்த்துத் திருத்தி மறுபடி ஓட்டலாம். ஆகாயத்தில் அது இயலாது. அங்கே தோல்விக்கு என்ன மாற்று என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதியாக வேண்டும். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். நின்றுபோன கணிப்பொறி, தன் கோளாறைப் பற்றிய குறிப்புகளைக் கம்பிவழி அனுப்பியது. முதன்மைக் கணிப்பொறி அந்தக் குறிப்புகளை உண்மையான பறக்கும் அளவீடுகள் என்று எடுத்துக்கொண்டு, எஞ்சின் முனைகளை முழு அளவுக்குத் திருப்பியது! தோல்விச் சீட்டை விடைத்தாளாகப் படித்ததன் விளைவு இது. அந்தப் பகுதியைப் பொறுத்தவரை ஏரியன்-5 என் பக்கத்துச் சாட்சிதான்.

2009-இல் வெளியான கோ மொழியை ஆக்கியோர் வேறு காரணம் சொல்கிறார்கள். விதிவிலக்கு எங்கோ எழுந்து எங்கோ போய் விழுகிறது, படிப்பவனுக்கு வழி தெரிவதில்லை. ஆகவே தோல்வியும் ஒரு விடையாகவே திரும்பட்டும், நிரலாளர் ஒவ்வொரு இடத்திலும் பார்த்து முடிவு செய்யட்டும் என்பது அவர்கள் கொள்கை. பெரிய குழுக்கள் ஆண்டுக்கணக்கில் பேணும் நிரல்களுக்கு இது பொருந்தலாம். மாலை ஐந்து மணிக்கு ஒருவர் அவசரமாக எழுதும் இருபது வரி ஸ்கிரிப்டுக்குப் பொருந்தாது. அவர் ஒவ்வொரு சீட்டையும் படிக்கப்போவதில்லை. படிக்கமாட்டார் என்று தெரிந்தே மொழியை அமைப்பதுதான் நேர்மை.

காற்றும் இந்தப் பக்கம்தான் வீசுகிறது. பி.எச்.பி. மொழியில் தரவுத்தளத்தோடு பேசும் பி.டி.ஓ. என்ற பகுதி நெடுங்காலம், தோற்றால் மௌனம் என்பதையே இயல்பாக வைத்திருந்தது. 2020-இல் வந்த 8.0 பதிப்பில் அதை மாற்றி, தோற்றால் விதிவிலக்கு என்று ஆக்கினார்கள். பைத்தான் மொழி தொடக்கம் முதலே விதிவிலக்கு எழுப்பும் மொழி. ஆனாலும் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: 'சப்பிராசஸ்' கூறின் 'ரன்' செயற்கூறு வழியாக வெளி நிரல் ஒன்றை ஓட்டினால், அது தோற்றதா என்று தானாகப் பார்க்காது, 'செக்' என்ற குறிப்பை உண்மை என்று நாமே தரவேண்டும். இதை இயல்பிலேயே தலைகீழாக வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டில் பியூஸ் போனால் சிலர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். மெல்லிய கம்பி அடிக்கடி உருகுகிறதே என்று கனமான செம்புக் கம்பியைச் சுற்றி வைத்துவிடுவார்கள். அப்புறம் பியூஸ் போகவே போகாது. போவது வீட்டின் மின்கம்பிகள். 1991-இல் வந்த விஷுவல் பேசிக்கில் 'பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ' என்று ஒரு கட்டளை இருந்தது. அதை நிரலின் தலையில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் பலர். பைத்தானில் அதற்கு நிகரானது, எந்த விதிவிலக்கு வந்தாலும் பிடித்து, 'பாஸ்' என்று ஒரு சொல் எழுதி விட்டுவிடுவது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிப்பவர்கள் இந்தச் செம்புக் கம்பியைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். செய்முறைத் தேர்வில் திரையில் தெரியும் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் இடும் ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தவறான விடையைத் துணிந்து அச்சிட்ட நிரலைவிட, "கோப்பு கிடைக்கவில்லை" என்று சொல்லி நின்ற நிரலுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தந்தால் என்ன?

பிடிப்பதில் தவறில்லை; எதைப் பிடிக்கிறோம் என்று தெரிந்து பிடிக்கவேண்டும். 'கோப்பு இல்லை' என்ற விதிவிலக்கை மட்டும் பெயர் சொல்லிப் பிடித்து, "அப்படியானால் புதிய கோப்பு தொடங்குகிறேன்" என்று எழுதுவது நல்ல நிரல். அந்த நேரத்தில் வட்டு நிரம்பிவிட்டது என்ற வேறொரு விதிவிலக்கு வந்தால், அது பிடிபடாமல் மேலே போய் உங்களை எழுப்பட்டும்.

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் பைத்தான் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். இல்லாத ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். வரும் செய்தி நீளமாக இருக்கும். மேலிருந்து படித்தால் மிரட்சியாக இருக்கும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். கடைசி வரி என்ன நடந்தது என்று சொல்லும். அதற்கு மேலே உள்ள வரிகள் எந்த இடத்தில் நடந்தது என்று சொல்லும். அடுத்து, அதே வேலையை ஷெல்லில், இல்லாத அடைவுக்குப் போகும்படியும், அடுத்த வரியில் 'இப்போது எங்கே இருக்கிறேன்' என்று கேட்கும்படியும் இரண்டு வரி ஸ்கிரிப்டாக எழுதி ஓட்டுங்கள். ஒரு புகார் வரும். ஆனாலும் இரண்டாம் வரி ஓடி, நீங்கள் முன்பிருந்த இடத்தின் பெயரையே அச்சிடும். பிறகு அதன் தலையில் 'செட் -இ' சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது வரியாக அழிக்கும் கட்டளை எதையும் மட்டும் எழுதிவிடாதீர்கள்.